மேனேஜருக்குப் புதுத் தண்ணீர்

பெனடிக்ட்டுக்கு மருமகனாக வரப்போகிற பையனிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அவன் கேன் தண்ணீர் கம்பெனியில் வேலை பார்த்தான்.

குடிப்பழக்கமாக இருந்தால்கூடப் பேசித் திருத்தலாம் என்பது பெனடிக்ட்டின் அபிப்பிராயம். கேன் தண்ணீர் அப்படியல்ல. வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருகிற ஊரில் ஒருவன் தண்ணீரை பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கிறான் என்றால், அவன் மனசாட்சியையும் அதே கேனில் போட்டு மூடிவிட்டான் என்று அர்த்தம்.

இப்படி நினைக்க அவருக்கு உரிமை இருந்தது. செல்வபுரம் பக்கத்துத் தெருக்களுக்கு வால்வைத் திறந்து தண்ணீர் விடுகிறவர் அவர்தான். ஆளுயர இரும்புச் சாவியை மொபெட்டில் கட்டிக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பினால், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குக் கிடைக்காத வரவேற்பு அவருக்குக் கிடைக்கும். கல்யாண வீடுகளில் இலைக்குப் பக்கத்தில் பாட்டில் தண்ணீர் வைத்திருந்தால், சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் எழுந்து வீட்டுக்கு வந்து குடிப்பார். விக்கல் எடுத்தாலும் அப்படித்தான்.

அதனால், காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்க்கும் அவர் மகள் ஃபெமினா, சூலூர்ப் பக்கம் ஒரு கேன் தண்ணீர் கம்பெனியில் கெமிஸ்ட்டாக இருக்கும் ஜெஃபினைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது, அவர் கோபப்படவில்லை. "பாக்கலாம் கண்ணு" என்றார்.

அந்த வட்டாரத்தில் "பாக்கலாம்" என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ஃபெமினா இரண்டு மாதம் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மனைவி ஜெபராணி நடுவில் புகுந்து, பையன் குடும்பம் நல்ல குடும்பம், தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றெல்லாம் எடுத்துச் சொல்லி, ஒருவழியாக நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்பதுவரை கொண்டுவந்தாள். பெனடிக்ட் "சரி" என்றார். அந்தச் சரியை வீட்டில் யாரும் முழுசாக நம்பவில்லை.

நிச்சயத்துக்கு முன்னால் ஜெஃபினைக் கம்பெனியில் பயிற்சிக்காக புனேக்கு அனுப்பினார்கள். அறையில் உடனிருந்த நண்பன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அறையில் அவன் வளர்த்த ஒரு மீனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்கு, ஜெஃபின் மடியில் கண்ணாடி ஜாடியை வைத்துக்கொண்டு சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தான். சட்டை பாதி நனைந்திருந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார் பெனடிக்ட்.

"இருக்கட்டுங்க மாமா."

"உக்காருங்க."

"பரவால்லைங்க மாமா."

மூன்றாம் முறை சொன்ன பிறகு உட்கார்ந்தான். முறை தெரிந்த பையன்தான் என்று பெனடிக்ட்டுக்குப் பட்டது. காப்பி வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன் என்றான். ஜெபராணி அதைக் காதில் வாங்காமல் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். அவனும் குடித்தான். எல்லாம் நடக்க வேண்டிய முறைப்படி நடந்தது.

ஜாடிக்குள் கருநீலத்தில் ஒரு மீன் இருந்தது. விரல் நீளம்தான். வாலும் துடுப்பும் மட்டும் பட்டுப்பாவாடை மாதிரி விரிந்து கிடந்தன.

"ஃபைட்டர் மீனுங்க மாமா. பேரு மேனேஜர்."

"ஏன் அப்படி ஒரு பேரு?"

"கண்ணாடியக் காட்டுனா தன்னையே பாத்துச் சண்டைக்குப் போவாருங்க. எங்க கம்பெனி மேனேஜரும் அப்படித்தான்."

பெனடிக்ட் சிரிக்கவில்லை. ஆனால் மீனுக்கும் "போவாருங்க" என்று மரியாதை கொடுத்துப் பேசியது அவருக்குப் பிடித்திருந்தது.

"சாப்பாடு நாளைக்கு நாலஞ்சு உருண்டை போதுங்க. தண்ணிக்கு ரொம்பச் சிரமப்பட வேண்டாங்க. வாரம் ஒருக்கா கால்வாசி எடுத்துப்போட்டு மாத்துனாப் போதும். புதுத் தண்ணி வேண்டாங்க மாமா. பழசு இருந்தா அதையே ஊத்துங்க. இந்தப் பாட்டில்ல அவருக்குப் பழகுன தண்ணி கொஞ்சம் வச்சிருக்கறேன்."

பெனடிக்ட் அதைக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பரை பழைய சோறே போதும் என்று சொன்னால் யாரும் பழைய சோறு போடுவதில்லை. சொல்கிறவர் சொல்ல வேண்டியதைச் சொல்வார், போடுகிறவர் போட வேண்டியதைப் போடுவார்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் தம்பி. தண்ணியப் பத்தி என்கிட்டச் சொல்லோணுமா?"

ஜெஃபின் இன்னும் ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தான். வருங்கால மாமனார், அதுவும் தண்ணீர் விடுகிறவர். "சொல்ல வேண்டியதில்லைங்க மாமா" என்று வாயை மூடிக்கொண்டான்.

அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த ஃபெமினா வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு கண்ணு."

"மேனேஜருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீங்க வேணும்னே பண்ணிப்போட்டீங்கன்னுதான் நினைப்பேன்."

"அந்தத் தம்பியும் அப்படித்தான் நினைக்குமா?"

"அவரு நினைக்க மாட்டாரு. அவரு நல்லவரு. நான் நினைப்பேன்."

ரசத்தில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பெனடிக்ட் வாசலிலேயே நின்றார். மகள் இரண்டு மாதம் பேசாமல் இருந்ததைவிட இது கொஞ்சம் கனமாக இருந்தது. மீனை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தே தீர வேண்டும். கொடுத்தால் அவர் சொன்ன சரி சரியாகிவிடும். கொடுக்காவிட்டால் இனி அவர் என்ன சொன்னாலும் அதற்கு ஒரு உள்நோக்கம் இருக்கும்.

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும். அதற்குள் ஒரு கண்ணாடிக் குழல், ஒரு குப்பி மருந்து. தண்ணீர் விட்ட பிறகு தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீரைக் குழலில் பிடித்து, மருந்தில் சில சொட்டு விட வேண்டும். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மஞ்சள் வந்தால் கிருமி செத்தது, தண்ணீர் பாஸ். வராவிட்டால் ஃபெயில், உடனே மேலே போன் செய்ய வேண்டும்.

ஜெஃபின் வைத்துவிட்டுப் போன பாட்டிலை மறுநாள் காலையில் எடுத்தார். குழலில் ஊற்றி மருந்து விட்டார். தண்ணீர் ஊற்றின மாதிரியே நின்றது. இன்னும் இரண்டு சொட்டு விட்டார். அப்போதும் பொட்டு மஞ்சள் இல்லை.

"ராணி, இங்க வந்து பாரு. கேன் தண்ணி. சுத்தமா ஃபெயிலு."

ஜெபராணி எட்டிப் பார்த்தாள். "மீனு நல்லாத்தானுங்க சுத்துது."

"வேற கதியில்லாமச் சுத்துது பாவம்."

பாட்டில் தண்ணீர் கருவேப்பிலைச் செடிக்குப் போனது.

அன்றைக்கு அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற முறை. அந்த ஊரில் புதுத் தண்ணீர் வருகிற நாளில் பழைய தண்ணீர் வீட்டில் இருக்கக் கூடாது. குழாய் காற்றை ஊதிச் சீறத் தொடங்கும்போதே பெண்கள் குடங்களைக் கவிழ்த்துவிடுவார்கள். பாதிக்குடம், முக்கால்குடம் என்ற கணக்கெல்லாம் கிடையாது. வாசல், செடி, மாட்டுக்காரர், எது முதலில் வருகிறதோ அதற்கு. ஜெபராணியும் புளி போட்டுக் குடங்களைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

பெனடிக்ட் வால்வைத் திறந்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். மேனேஜரை டம்ளரில் எடுத்து வைத்துவிட்டு, ஜாடியை உப்புப் போட்டுத் தேய்த்தார். குழாயில் முதல் தண்ணீரைப் போகவிட்டு, இரண்டாம் தண்ணீரைப் பிடித்து விளிம்புவரை நிரப்பினார். குழலில் ஊற்றிப் பார்த்தார். நல்ல மஞ்சள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மனைவிக்குக் காட்டினார்.

"தங்கமாட்டம் இருக்குது பாரு."

டம்ளரிலிருந்து மேனேஜரை உள்ளே விட்டார். மேனேஜர் ஜாடிக்குள் மேலும் கீழுமாகப் பாய்ந்து, கண்ணாடியில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சந்தோசத்தப் பாரு" என்றார் பெனடிக்ட்.

வீட்டுக்குத் தண்ணீர் வராத நாட்களிலும் அவர் குறை வைக்கவில்லை. அன்றைக்கு எந்தத் தெருவுக்கு வால்வு திறந்தாரோ அந்தத் தெருக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து, மொபெட்டில் சாவிக்குப் பக்கத்தில் சொருகிக்கொண்டு வந்தார். வந்ததும் ஜாடியைக் காலி செய்வது, தேய்ப்பது, நிரப்புவது, மஞ்சள் பார்ப்பது. செல்வபுரத்தில் எந்த மனிதனுக்கும் கிடைக்காத தண்ணீர் மேனேஜருக்குத் தினமும் கிடைத்தது.

சில நாட்களில் மேனேஜர் சுற்றுவதை நிறுத்தினார். பாவாடை மாதிரி இருந்த துடுப்பெல்லாம் மடக்கிய குடை மாதிரி ஒட்டிக்கொண்டது. நீலம் வெளுத்தது. ஜாடியின் அடியில் கிடப்பார். காற்றுக்கு மட்டும் மேலே வந்து ஒரு வாய் பிடித்துவிட்டு மறுபடியும் கீழே போவார்.

புனேயிலிருந்து ஜெஃபின் வீடியோவில் வந்தான்.

"மேனேஜர் எப்படி இருக்காருங்க மாமா?"

பெனடிக்ட் போனை ஜாடிப் பக்கம் திருப்பினார். முழுசாகத் திருப்பவில்லை. "தூங்கறாருங்க தம்பி."

"பகல்லயாங்க?"

"மேனேஜர்தானுங்களே."

ஜெஃபின் சிரித்தான். பிறகு கேட்டான். "தண்ணியெல்லாம் எப்படிங்க மாமா?"

"அதுல குறையே இல்ல. தினமும் புதுசு."

திரையில் ஜெஃபின் அசையாமல் அப்படியே நின்றான். நெட் போய்விட்டதோ என்று பெனடிக்ட் போனைத் தட்டினார்.

"தினமெல்லாம் வேண்டாங்க மாமா. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

"இதுல என்ன தம்பி சிரமம்."

"இல்லைங்க மாமா, நெசமாலுமே வேண்டாங்க."

"அட, இருக்கட்டுங்க" என்றார் பெனடிக்ட். பையனின் பணிவு அவருக்கு நாளுக்கு நாள் பிடித்துக்கொண்டே வந்தது.

ஃபெமினா சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் ஜாடிக்கு முன்னால் குனிவாள். பார்ப்பாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்ப்பாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒருநாள் மட்டும் வாயைத் திறந்தாள்.

"அவரு குடுத்த பாட்டில் தண்ணி எங்கீங்கப்பா?"

"அது ஃபெயிலு கண்ணு. செடிக்கு ஊத்திப்போட்டேன்."

"ஓ" என்றாள் அவள்.

அன்றைக்கே பெனடிக்ட் உக்கடம் பக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் அஃபானைத் தேடிப் போனார். இளவட்டப் பையன். கடை முழுக்க பிளாஸ்டிக் டம்ளர்களில் மேனேஜருக்குச் சொந்தக்காரர்கள் தனித்தனியாக மிதந்துகொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்ணா."

பெனடிக்ட் அறிகுறிகளைச் சொன்னார்.

"தண்ணி எப்படிங்ணா ஊத்தறீங்க?"

"செல்வபுரத்துக்குத் தண்ணி விடறதே நான்தான் தம்பி."

"அப்பத் தண்ணில குறை இருக்காதுங்ணா" என்று அஃபான் அந்தக் கேள்வியை மரியாதையாக மடித்து வைத்துவிட்டான். "எதுக்கும் காஞ்ச பாதாம் இலை ஒண்ணு போட்டுப் பாருங்க. தண்ணி டீத்தண்ணியாட்ட ஆகும். மீனுக்கு அது ஒத்துக்கும்."

பெனடிக்ட் இலையை வாங்கிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற அதே மரத்தின் இலை. பணியில் சேர்ந்த நாளிலிருந்து தொட்டிக்குள் விழும் அந்த இலையை எடுத்துப் போடுவதுதான் அவர் வேலை. தண்ணீரை டீத்தண்ணியாக ஆக்கும் பொருளைத் தன் கையால் தண்ணீரில் போடுவதா? இலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள் மேனேஜர் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டார். கண் மட்டும் திறந்திருந்தது. மீன் எப்போதும் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கும் என்பதால் அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

ஜெபராணி ஜாடி முன்னால் முட்டிபோட்டு, கண்ணை மூடி, வாய்விட்டு ஜெபம் செய்தாள். அவள் பிறந்த வீடு சிஎஸ்ஐ சபை. அங்கே ஜெபம் கொஞ்சம் நீளம். பெனடிக்ட் தன் பங்குக்கு அந்தோணியார் படத்தை ஷெல்ஃபிலிருந்து எடுத்து ஜாடி பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நாளைல இருந்து ரெண்டு வேளையும் தண்ணி மாத்தப்போறேன்" என்றார்.

ஆனால் மறுநாள் தண்ணீர் வரவில்லை. மலைப்பக்கம் பெரிய குழாயில் பராமரிப்பு வேலை, சில நாட்களுக்கு எந்தத் தெருவுக்கும் தண்ணீர் இல்லை என்று போனில் சொன்னார்கள். பெனடிக்ட் தன் வாழ்க்கையில் எத்தனையோ தடவை இந்தச் செய்தியை ஊருக்குச் சொல்லியிருக்கிறார். ஊர் ஏன் தன்னை அப்படித் திட்டியது என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

வீட்டில் இருந்தது அண்டாவில் மீதமிருந்த பழைய தண்ணீர். சோறு வடிக்க, குடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் ஒரு சொம்பு மட்டும் மொண்டுகொண்டு ஜாடி முன்னால் நின்றார்.

"மன்னிச்சுக்கங்க மேனேஜர். இன்னைக்கு இதுதான் இருக்குது."

"ஒறம்பரைக்குப் பழசு ஊத்தறீங்களே" என்றாள் ஜெபராணி. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஒரு சொம்பை வைத்துக்கொண்டு ஜாடி முழுவதையும் மாற்ற முடியாது. மேலாகக் கால்வாசியை எடுத்து, எடுத்த அளவுக்குப் பழைய தண்ணீரை ஊற்றினார். தேய்க்கவில்லை. தேய்க்கத் தண்ணீர் ஏது. அதற்கடுத்த நாட்களில் அதுவும் இல்லை. ஜெபராணி அண்டாவுக்குக் காவல் நின்றாள்.

தண்ணீர் விடாத நாட்களில் தண்ணீர் விடுகிறவர் வெளியே தலை காட்டக் கூடாது. பெனடிக்ட் வீட்டிலேயே இருந்தார். சாப்பிட்டுவிட்டு எவர்சில்வர் டம்ளரை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். ஓரக்கண்ணில் ஏதோ நீலமாக விரிந்தது.

மேனேஜர் எழுந்திருந்தார். டம்ளரின் பளபளப்பில் தெரிந்த இன்னொரு மேனேஜரைப் பார்த்து, செவுளை உப்பவைத்து, துடுப்பை எல்லாம் விரித்து நின்றுகொண்டிருந்தார். வால் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

பெனடிக்ட் டம்ளரை நகர்த்தினார். மேனேஜரும் நகர்ந்தார். பெனடிக்ட் உருண்டை போட்டார். மேனேஜர் சாப்பிட்டார்.

பெனடிக்ட் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தார். ஜாடித் தண்ணீரைக் குழலில் மொண்டு மருந்து விட்டார். ஒன்றும் ஆகவில்லை. குப்பியைத் திருப்பி, மருந்து காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தார். ஆகவில்லை. அண்டாத் தண்ணீரைப் பார்த்தார். நாள்பட நின்றதில் குளோரின் பறந்துபோய் அதுவும் வெறும் தண்ணீர். குழலைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ராணி."

"என்னங்க."

"குழாய்த் தண்ணில இருக்கற குளோரின் கிருமியக் கொல்லுதல்ல."

"ஆமாங்க. நீங்கதான் சொல்லுவீங்க."

"கிருமியக் கொல்றது மீனை மட்டும் சும்மா உட்டுருமா?"

ஜெபராணி யோசித்தாள். "மனுசன் பெரிய உடம்பு. தாங்கிக்கிறான். இது விரலத்தனை. அதுக்குள்ளேயே மூச்சுவிட்டுட்டுக் கெடக்குது. ஆனா நான் எப்படிங்க சொல்றது. தண்ணி உங்க டிப்பார்ட்மெண்டு."

பெனடிக்ட் டப்பாவை மூடினார். பழசு இருந்தா அதையே ஊத்துங்க என்று அந்தப் பையன் சொன்னான். நெசமாலுமே வேண்டாங்க என்றும் சொன்னான். ஒருவன் வேண்டாம் என்று சொல்லி, அதற்கு வேண்டாம் என்றே பொருள் இருக்கும் என்று யார் கண்டது.

குழாய் வேலை முடிந்து தண்ணீர் வந்தது. பெனடிக்ட் வால்வைத் திறந்தார். அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. தெருவில் குடங்கள் உருள்கிற சத்தமும் கேட்டது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. சாவியை வால்விலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். தண்ணீர் விடுகிறவர் தண்ணீர் வரும்போது ஓடுவதைத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

ஜெபராணி அண்டாவைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டாதே ராணி."

"பழசுங்க."

"பழசுதான் வேணும்."

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். அண்டாவின் அடியில் ஒரு சொம்பு தேறியது. அதை அவர் மேனேஜருக்கென்று எடுத்து வைத்தார். பிறகு வாய் அகன்ற பாத்திரமாகத் தேடி எடுத்து, புதுத் தண்ணீரைப் பிடித்து, வராண்டாவில் மூடாமல் வைத்தார்.

"இத்தனை வருசமா ஊர்ல இருக்கற பொம்பளைங்களை எல்லாம் தண்ணிய மூடி வையி, மூடி வையின்னு வெரட்டுனவரு நீங்க" என்றாள் ஜெபராணி.

"தெரியும்."

"எதுத்த ஊட்டு மதிவதனி பாத்தா என்ன சொல்லுவா?"

"மேல வேட்டி கட்டி வைக்கிறேன். காத்துப் போகும், தூசி போகாது."

அன்றைக்கு மத்தியானம் குழலில் பார்த்தார். மஞ்சள். சாயங்காலம் பார்த்தார். இளமஞ்சள். பல வருடங்களாக அந்த மஞ்சள் வர வேண்டும் என்று காத்திருந்தவர், இப்போது அது போய்த் தொலையாதா என்று காத்திருந்தார். தண்ணீருக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

மறுநாள் காலையில் ஃபெமினா வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, அப்பா வராண்டாவில் பாத்திரத்துக்கு முன்னால் குத்தவைத்திருந்தார். வேட்டியை விலக்கி, குழலில் தண்ணீர் மொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கப்பா பண்றீங்க?"

அவர் திரும்பவில்லை. "நான்தான் கண்ணு அவரச் சீக்காக்கிப்போட்டேன். இந்தத் தண்ணிதான். புதுசா ஊத்துனா இதுல இருக்கற குளோரின் அவருக்கு ஆகலை. வேணும்னு பண்ணல. நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணுனேன். நீ நம்புனாலும் சரி, நம்பலைன்னாலும் சரி."

ஃபெமினா கைப்பையைத் திண்டில் வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ் போய்விடும். அப்பாவுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, அவர் கையிலிருந்த குழலை வாங்கினாள். வெயிலில் பிடித்து, அவளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்கப்பா."

"இருக்குதா?"

"லேசா. பொழுதோட ஃபெயிலாயிரும்."

"ஆயிருமா?"

"ஆயிரும்ங்கப்பா."

அன்றைக்குச் சாயங்காலம் ஃபெமினா தட்டைக் கொண்டுவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தண்ணீர் ஃபெயிலாகியிருந்தது. பெனடிக்ட் கால்வாசி மாற்றினார். அடுத்த நாள் தொட்டிப் பக்கம் போனபோது காய்ந்த பாதாம் இலை ஒன்றைப் பொறுக்கி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பையில் போட்டுக்கொண்டார்.

ஜெஃபின் புனேயிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பெனடிக்ட் பேசத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, உள்ள வர்றதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிப்போடறேன். மேனேஜர் வால்ல ஓரமாக் கொஞ்சம் கிழிஞ்சிருக்குது. என்னாலதான். நீங்க வேண்டாம்னு சொல்லியும் தினமும் புதுத் தண்ணி ஊத்துனேன். குழாய்த் தண்ணிதான் அவருக்கு ஆகலை."

குழாய்த் தண்ணி ஆகலை என்று தன் வாயால் சொன்னது அவருக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. உள்ளே ஜெபராணி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

ஜெஃபின் ஜாடியைப் பார்த்தான். டீத்தண்ணி நிறத்தில் இருந்த தண்ணீருக்குள் மேனேஜர் துடுப்பை விரித்துக்கொண்டு ரவுண்டு வந்தார்.

"கிழிஞ்சது வளந்துருங்க மாமா. நானும் முதல்ல அப்படித்தாங்க பண்ணுனேன். இவருக்கு முன்னாடி ஒருத்தரு இருந்தாரு. புதுத் தண்ணி ஊத்திக் கொன்னுபோட்டேன்."

"அவரு பேரு?"

"எம்டி."

பெனடிக்ட் இந்தத் தடவை சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "அப்புறம் கேன் தண்ணிக்கு மாத்துனீங்களாக்கும்?"

"அது ஆகாதுங்க மாமா. எல்லாச் சத்தையும் வடிகட்டி எடுத்தர்றோம். வெறும் கேன் தண்ணில மீனு நிக்காதுங்க."

"அப்ப அந்தப் பாட்டில்ல இருந்தது?"

ஜெஃபின் ஃபெமினாவைப் பார்த்தான். ஃபெமினா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"சிறுவாணிங்க மாமா. நம்ம ஊட்டுத் தண்ணிதான். வாரம் ஒரு பாட்டில் காந்திபுரத்துல வெச்சு இவங்க குடுப்பாங்க. நான் சூலூருக்குக் கொண்டுபோயி ரெண்டு நாள் திறந்து வெச்சுட்டு ஊத்துவேன். இந்த ஒரு வருசமா மேனேஜர் உங்க தண்ணிலதாங்க இருக்காரு."

பெனடிக்ட் மகள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"குடுத்தது தெரியுங்கப்பா. திறந்து வெச்சுத்தான் ஊத்துவாருன்னு எனக்குச் சொல்லலை."

"அன்னைக்கு நான் ஃபெயில்னு சொன்னப்ப நம்ம ஊட்டுத் தண்ணின்னு சொல்லியிருக்கலாம்ல."

"ஒரு வருசமான்னு கேப்பீங்க."

பெனடிக்ட் அதைத்தான் கேட்க இருந்தார். கேட்கவில்லை. ஜெஃபின் பக்கம் திரும்பினார்.

"மீனுக்கு அது. நீங்க என்ன குடிக்கறீங்க?"

ஜெஃபின் குரலைத் தாழ்த்தினான். "மேனேஜருக்கு ஊத்துனது போக மிச்சத்தை நான் குடிச்சுக்குவேங்க. கம்பெனில சொல்லிப்போடாதீங்க மாமா."

பெனடிக்ட் எழுந்து சமையலறைக்குப் போனார். குடத்திலிருந்து எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து நீட்டினார்.

"தண்ணி குடிங்க மாப்பிள்ளை."

அந்தச் சொல்லை அவர் முதல்முறையாகச் சொன்னார். சமையலறைக் கதவோரம் ஜெபராணி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

ஜெஃபின் தடுமாறிப்போய், பழக்கதோஷத்தில், "வேண்டாங்க மாமா, இப்பத்தான் குடிச்சேன்" என்றான்.

பெனடிக்ட்டின் கை டம்ளரோடு பாதியில் நின்றது. அவன் முகத்தையே பார்த்தார்.

"நெசமாலுமே வேண்டாமா, இல்ல மரியாதைக்குச் சொல்றீங்களா?"

அப்படி ஒரு கேள்வியை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. ஃபெமினா காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மரியாதைக்குத்தாங்க மாமா."

"அப்படிச் சொல்லிப்போடுங்க. நான் எதுன்னு கண்டேன்."

ஜெஃபின் டம்ளரை வாங்கி, அண்ணாந்து, மூச்சுவிடாமல் குடித்தான். காலி டம்ளரை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தான். மேனேஜர் உடனே சண்டைக்கு வந்தார்.